நாகமலை அடிவாரத்தில் டைனோசருக்குக் கண் திறந்தார்கள்

மதுரைக்கு லீவில் போகிறேன் என்றதும் டில்லி அலுவலகத்தில் ஆளாளுக்குக் கேட்டது ஒரே கேள்விதான். "மீனாட்சி தரிசனமா?" இல்லை, டைனோசர் தரிசனம் என்றேன். வெயிலுக்கு என் மூளை இளகிவிட்டதாக அவர்கள் முடிவு கட்டியிருக்க வேண்டும். அது மே மாத டில்லி. அங்கே யாருக்கும் அப்படி நேரலாம் என்பதால் ஒருவரும் பெரிதுபடுத்தவில்லை.

விஷயம் இதுதான். என் மகன் மோகனுக்கு ஒன்பது வயது. பள்ளி நூலகத்திலிருந்து படம் போட்ட தடிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் இருந்த டைனோசரைத் தங்கை சுமதியிடம் காட்டி, இது நம் குளியலறைச் சாக்கடைக்கு அடியில்தான் படுத்திருக்கிறது என்று சொல்லிவைத்தான். சுமதிக்கு ஆறு வயது கூட நிரம்பவில்லை. அன்றிலிருந்து அவள் தனியாகக் குளியலறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். விளக்கை அணைத்தால் அலறல். பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிவைத்துக்கொண்டு வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். டாக்டர் இரண்டு முறை மருந்து எழுதிக் கொடுத்தார். மூன்றாம் முறை, "முதலில் பயத்தைப் போக்குங்கள்" என்று சொல்லிவிட்டார்.

நான் படித்தவன் அல்லவா, அறிவியல் முறையில் இறங்கினேன். "அதெல்லாம் பல கோடி வருஷத்துக்கு முன்னாடியே செத்துப்போச்சும்மா" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பேயா வருமா?" என்று கேட்டாள். அதோடு என் அறிவியல் தீர்ந்துபோனது.

இந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து என் மச்சான் செய்தி அனுப்பினார். மச்சான் என்றால் என் மனைவி கமலாவின் அண்ணன், பாண்டி. அவருடைய சிநேகிதர் தவமணி, ரைஸ்மில் முதலாளி. சிங்கப்பூருக்குச் சுற்றுலா போய்வந்தவர், அங்கே பார்த்த பூங்காவைப் போல நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் தம் பொட்டல் நிலத்தில் சிமெண்டில் டைனோசர்களைக் கட்டிக்கொண்டிருக்கிறாராம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்றார். முள்ளை முள்ளால் எடுப்பது என்று தீர்மானித்தேன். சிமெண்டைத் தொட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். அப்பனுக்கும் தூக்கம் வரும்.

மதுரையில் முதல் நாள் முழுக்கச் சாப்பிட்டோம். வேறு எதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. டில்லியில் இட்லி என்று தருவதைச் சுவரில் ஆணி அடிக்கப் பயன்படுத்தலாம். இங்கே இலையில் வைத்த இட்லி எடுக்கப் போனால் நழுவியது. அதைச் சுற்றி நான்கு நிறத்தில் சட்னி. பத்து மணிக்குப் பருத்திப்பால், பதினொன்றுக்கு முறுக்கு, மத்தியானம் குழம்பிலேயே மூன்று வகை. மச்சான் மனைவி செல்வி நான் கையை மூடினாலும் விரலிடுக்கு வழியாக ஊற்றினார்.

"என்னண்ணே இம்புட்டுக் கொஞ்சமா சாப்புடுறீக? டில்லில சோறே போட மாட்டாகளா?"

"போடுவார்கள். ஆனால் போதும் என்றால் நிறுத்திவிடுவார்கள்."

"ஐயோ பாவம்" என்று இன்னொரு கரண்டி போட்டார்.

மறுநாள் மச்சானோடு டவுன் பஸ்ஸில் கிளம்பினோம். டில்லியில் கண்டக்டர் பயணியின் முகத்தைப் பார்ப்பதில்லை. இங்கே சீட்டைக் கிழிப்பதற்குள் நான் யார் மாப்பிள்ளை, என்ன சம்பளம், மூன்றாவது பிள்ளை ஏன் பெறவில்லை என்பது வரை அவர் விசாரித்துவிட்டார். வழியில் என்ஜின் சூடாகி பஸ் நின்றது. டிரைவர் இறங்கிப் போய் வயல்கிணற்றில் தண்ணீர் கேட்டார். கிணற்றுக்காரர் தண்ணீர் கொடுப்பதற்கு முன் அவரை உட்காரவைத்து நுங்கு கொடுத்தார். பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் இறங்கி நுங்கு தின்னப் போனார்கள். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் இரக்கத்தோடு, "கடிகாரம் நின்னுபோச்சா தம்பி?" என்று கேட்டார்.

ஒருவழியாகப் பூங்கா வந்தது. கண்டக்டர், "ராட்சசப் பல்லியெல்லாம் எறங்கு!" என்று கூவினார். நாங்கள் இறங்கினோம். சுமதி என் இடுப்பில் ஏறி இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை என் சட்டைக்குள் புதைத்துக்கொண்டாள்.

பூங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டியவர்கள் கோபுரங்களில் சுதைவேலையும் ஊர் எல்லைகளில் அய்யனார் குதிரையும் செய்கிற ஆட்கள். மேஸ்திரி பெயர் இருளப்பன். தவமணி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த படங்களைக் கையில் கொடுத்து, இதைப் போலச் செய் என்று சொல்லியிருக்கிறார். படங்கள் எல்லாம் இடப் பக்கத்திலிருந்து எடுத்தவை. வலப் பக்கத்தை மேஸ்திரி தம் அனுபவத்திலிருந்து செய்துவிட்டார். ஆகவே பெரிய டைனோசரை இடமிருந்து பார்த்தால் டைனோசர். வலமிருந்து பார்த்தால் சாமி வாகனம். கழுத்தில் மணிமாலை, முதுகில் சரிகைப் போர்வை, காலில் தண்டை.

மோகன் கொதித்துப்போனான். "டைனோசர் மாலையெல்லாம் போடாது!"

மேஸ்திரி கோபப்படவில்லை. "வெறுங்கழுத்தா விட்டா பாக்குறவன் என்னையத் திட்டுவான் தம்பி."

பக்கத்தில் மூன்று கொம்பு வைத்த இன்னொரு உருப்படி. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த நாலைந்து இளைஞர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து கவலையோடு ஆராய்ந்தார்கள்.

"கொம்பு நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா திமிலக் காணமே, எதப் புடிச்சு அணையிறது?"

"வாடிவாசல்ல இது எப்பிடிடா நுழையும்? அதச் சொல்லு மொதல்ல."

நான் மட்டும் வந்த வேலையில் கண்ணாக இருந்தேன். சுமதியின் முகத்தை மெல்லத் திருப்பி, பெரிய டைனோசரைக் காட்டினேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். பிறகு இன்னொரு கண்ணையும் திறந்தாள்.

"அப்பா, அதுக்குக் கண்ணு இல்ல."

உண்மைதான். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. அவள் என் இடுப்பிலிருந்து இறங்கினாள். தயங்கித் தயங்கி அதன் முன்னங்கால் வரை போனாள். ஒரு விரலால் தொட்டாள். "பாவம், கண்ணு தெரியாது" என்று சொல்லி உள்ளங்கையை முழுதாக வைத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று மாதம் டாக்டரும் நானும் செய்ய முடியாததை ஒரு சுண்ணாம்பு உருண்டை செய்துவிட்டது. அப்படியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலில் டில்லிக்குப் போயிருந்தால் என் பயணம் வெற்றி.

ஆனால் மேஸ்திரி அவளைப் பார்த்துவிட்டார். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற தவமணியிடம், "மொதலாளி, பிள்ள கெடச்சிருச்சு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மச்சான்தான் விளக்கினார். இந்த ஆட்கள் எந்த உருவத்தையும் கண் திறக்காமல் விட்டுவிட்டுப் போக மாட்டார்களாம். கடைசி வேலை அதுதான்; முறையாகச் செய்ய வேண்டும். திறந்த கண்ணின் முதல் பார்வை பொல்லாதது. அதனால் முதலில் கண்ணாடி காட்டுவார்கள். அடுத்து பசுவும் கன்றும். அடுத்து, கையில் தானியத்தட்டோடு ஒரு சின்னப் பெண்குழந்தை. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எதிரே வரலாம்.

"கோயில் சிலைக்குத்தானே இதெல்லாம்? இது டைனோசர்" என்றேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "கண்ணு வச்சா எல்லாம் ஒண்ணுதான் சார். செஞ்சுட்டு அம்போன்னு விட்டுட்டுப் போனா எங்க குடும்பம் வெளங்குமா?"

தவமணிக்கோ பரம சந்தோஷம். "டில்லிப் பிள்ள முன்னாடி கண்ணு தெறந்துச்சுன்னா பூங்காவுக்கே பேரு! மைக் செட்டுல சொல்லிரலாம்." மச்சான் என் தோளைத் தட்டினார். எத்தனை பேர் தங்கள் பிள்ளைக்கு இந்தப் பாக்கியம் கிடைக்காதா என்று காத்திருக்கிறார்களாம். கமலா கண்கலங்கி நின்றாள். பயத்தில் என்று நினைத்தேன், பெருமையில். பிறந்த வீட்டு மண்ணை மிதித்தால் பெண்டாட்டி கட்சி மாறிவிடுவாள் என்று கல்யாணமான அன்றே யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.

சுமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். டைனோசர் காலில் வைத்திருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"கண்ணு தெறந்ததும் அது என்னத்தான் பாக்குமா?"

திரும்பும் பஸ்ஸில் அவள் மறுபடி என் சட்டைக்குள் போய்விட்டாள். அன்று மாலை கொல்லைப்புறக் குளியலறைக்கு அவளோடு கமலா, செல்வி, நான் என்று மூன்று பேர் துணைக்குப் போக வேண்டியிருந்தது.

மறுநாள் முழுக்க நான் வழக்காடினேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றேன். செல்வி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "கொஞ்சங்கூடச் சுடல" என்றார். அவள் பயப்படுகிறாள் என்று உண்மையைச் சொன்னேன்.

"பயந்தா என்ன மாப்ள, அதுக்குத்தான பூசாரி இருக்காரு" என்றார் மச்சான்.

"மச்சான், அது சிமெண்ட்!"

"சிமெண்ட்டுதான். யாரு இல்லன்னா? கோபுரத்துல இருக்கறதெல்லாம் என்ன, கற்கண்டா?"

இதற்கு டில்லியில் பதில் இருக்கலாம். மதுரையில் எனக்குக் கிடைக்கவில்லை. நடுவே செல்வி சுமதிக்குப் பட்டுப்பாவாடை எடுத்துவந்தார், ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். அவள் ஜிகர்தண்டாவைக் குடித்துவிட்டு, பாவாடையைக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். "நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. யார் என்ன சொன்னாலும் உன்னைத் தூக்கிக்கிட்டு ஓடிடுவேன்." அவள் தலையாட்டினாள். சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

அடுத்த நாள் மாலை பூங்காவில் ஊரே திரண்டிருந்தது. பந்தல், மைக் செட், நாதஸ்வரம், ஐஸ் வண்டி. டைனோசர் நிகழ்ச்சிக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் கையில் தேங்காய்ப் பழத்தட்டு. ஓர் அம்மாள் அதன் வாலில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டிருந்தார். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். "மகனுக்கு வேலை கெடைக்கணும்ங்க. இம்புட்டுப் பெரிய சாமி, ஒரு வேலை வாங்கித்தராதா?"

தலைமை தாங்க வந்த பிரமுகர் வெகுநேரம் கழித்து வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, டைனோசர்கள் தமிழ் மண்ணில்தான் முதலில் தோன்றின என்று பேசினார். கைதட்டல். மோகன் எழுந்து நின்று மறுக்கப் பார்த்தான். கமலா அவன் நிக்கரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

டைனோசரின் தலைக்கு முன்னால் படுதா கட்டி, சாரத்தின் உச்சியில் மேஸ்திரி பிரஷ்ஷோடு நின்றார். கீழே பெரிய நிலைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். அவருக்குப் பின்னால் மாட்டுச்சந்தையில் வாங்கிய புதுப் பசுவும் கன்றும். அதற்குப் பின்னால் பட்டுப்பாவாடையில் சுமதி, கையில் நவதானியத் தட்டு. தட்டு சாய்ந்து, பயறு ஒவ்வொன்றாகக் கீழே சிந்திக்கொண்டிருந்தது. "எதுக்க யாரும் நிக்காதீக, ஒதுங்குங்க!" என்று மைக்கில் சொன்னார்கள். என்னையும் பந்தல் ஓரத்துக்குத் தள்ளினார்கள். நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லு பாப்பா, ஒரே ஒரு வார்த்தை.

மேஸ்திரி ஒரு கண்ணை முடித்துவிட்டு இரண்டாவது கண்ணின் கருவிழியை வைத்துக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து நாதஸ்வரக்காரர் உச்சத்துக்குப் போனார். பசு தலையை நிமிர்த்தியது. காற்றில் படுதா ஒரு பக்கம் விலகியிருக்க, மேலே ஒரு கண் மட்டும் அதைப் பார்த்தது. சந்தையில் எவ்வளவோ மனிதர்களைப் பார்த்த பசு, இப்படி ஒரு மாட்டைப் பார்த்ததில்லை. ஒரே துள்ளல். கயிறு சாரத்தில் மாட்டி இழுத்தது. சாரம் ஆடியது, மேஸ்திரியின் கை சறுக்கியது, படுதா அறுந்து விழுந்தது. கண்ணாடிக்காரர் கண்ணாடியைச் சாய்த்துவிட்டு ஓடினார். கயிற்றை அறுத்துக்கொண்டு பசு மேடைப் பக்கம் திரும்பியது. பிரமுகர் மேடையிலிருந்து குதித்து மூன்றுகொம்பனின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டார். அலங்காநல்லூர் இளைஞர்களுக்கு மட்டும் முகத்தில் வெளிச்சம். "மாப்ள, விடாத!" என்று மாட்டின் பின்னால் பாய்ந்தார்கள்.

நான் கூட்டத்தை முட்டி மோதிக்கொண்டு ஓடினேன். பொட்டலின் நடுவே சுமதி தனியாக நின்றாள். முறைப்படி அவளுக்கு முன்னால் நிற்க வேண்டிய எதுவும் இல்லை. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு டைனோசர் நேராக அவளைப் பார்த்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

மேஸ்திரியின் கை சறுக்கியதில் இரண்டாவது கருவிழி மேலே ஏறி, வட்டமாக விரிந்துபோயிருந்தது. அவ்வளவு பெரிய உடம்பின் உச்சியில், அடி வாங்கப் போகிற பிள்ளையின் முழி.

நான் போய் அவளை வாரி அணைத்துக்கொண்டேன். என் நெஞ்சு அடித்த அடியில் அவள்தான் பயந்திருக்க வேண்டும். "பயப்படாதே பாப்பா, அப்பா வந்துட்டேன், போயிடலாம்" என்றேன்.

"எனக்குப் பயம் இல்லப்பா" என்றாள். "அதுதான் பயந்துபோய் நிக்குது."

என் கையிலிருந்து நழுவிப் போய், தட்டில் மிச்சமிருந்த பயறை அதன் காலடியில் வைத்தாள். கால் தண்டையைத் தடவிக் கொடுத்தாள். கூட்டம் மெல்லத் திரும்பி வந்து அவளைப் பார்த்துக் கும்பிட்டது. மச்சான் எல்லோரிடமும், "எந்தங்கச்சி மக!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரி சாரத்திலிருந்து இறங்கி, கண்ணைத் திருத்தட்டுமா என்று தவமணியிடம் கேட்டார். கூட்டம் விடவில்லை. திறந்த கண்ணைத் தொடுவதாவது! அது இன்றைக்கும் அப்படியேதான் முழித்துக்கொண்டிருக்கும்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். கிளம்பும்போது சுமதி வர மறுத்துவிட்டாள். பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

"வாம்மா, பஸ் போயிடும்."

"நாம போயிட்டா அது தனியா நிக்கணும்ப்பா. முன்னாடி கண்ணு தெரியாது, பரவாயில்ல. இப்ப இருட்டெல்லாம் அதுக்குத் தெரியுமே."

அது சிமெண்ட் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லத்தான் டில்லியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு, பூங்காக் காவல்காரரைத் தேடிப் போனேன். மீசை வைத்த வாட்டசாட்டமான ஆள். யார் காதிலும் விழாமல், "அண்ணே, அந்தப் பெரிய டைனோசர் பக்கத்தில் ராத்திரி ஒரு லைட்டைப் போட்டுவைக்க முடியுமா?" என்று கேட்டேன். சென்ட்ரல் கவர்மெண்ட் உத்தியோகஸ்தன் கேட்கிற கேள்வி.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அத அமத்துனாத்தான சார்? இதுக மத்தியில லைட்ட அமத்திட்டு யாரு படுக்குறது?"

சுமதி அவரை நம்பினாள். அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, அதனிடம் அடிக்கடி பேச்சுக் கொடுக்கும்படி சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். அவர் சரிங்க தாயி என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். செல்வி நான் போதும் போதும் என்றதற்கு மேல் பரிமாறிக்கொண்டிருந்தார். மோகன் தட்டைப் பார்த்தபடியே, இன்றைக்கு ராத்திரி அப்பா அம்மா நடுவில் தான் படுத்துக்கொள்வதாகச் சொன்னான். அப்போதுதான் சுமதியைக் காணவில்லை என்று கவனித்தேன். கமலாவும் நானும் எழுந்து கொல்லைப்புறம் ஓடினோம். குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் வெளியே நின்று, சாக்கடைத் துவாரம் இருக்கிற மூலையைப் பார்த்து, செல்வியைப் போலவே இழுத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பயந்துறாத, என்ன? நாந்தான் வாரேன்."